வங்கிக் கடன் பாக்கியோடு மறுபடி துபாய் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

புது கம்பெனி விசா அடித்து அனுப்பிவிட்டது, அப்படியென்றால் பழைய பேங்க் கடன் விஷயம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை அனுமதி கொடுப்பது மனிதவள அமைச்சகம், விசா கொடுப்பது குடியேற்றத் துறை, கடன் வழக்கு கிடப்பது நீதிமன்றத்தில், ஆளைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு இருந்தால் அது போலீஸிடம். விசா வந்துவிட்டது என்றால் முதல் இரண்டு இடத்திலும் உங்களைத் தடுக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். மற்ற இரண்டையும் நீங்களாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் டிக்கெட் போடுவதற்கு முன்னால்.

வேலை போயோ, சம்பளம் மாதக்கணக்கில் வராமலோ, பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் பாதியில் நிற்க ஊருக்கு வந்துவிட்டு, சில வருடம் கழித்து மறுபடி போக வாய்ப்பு வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமீரகத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். சவுதி, கத்தார், குவைத் சட்டமெல்லாம் வேறு வேறு, அங்கே நண்பருக்கு நடந்ததை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்பு கொடுத்தார்களே, அதில் எல்லாம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது விசா முடிந்தும் தங்கியவர்களுக்கும் அதற்கான அபராதத்துக்கும்தான். பேங்க் கடனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் கடன் எந்த நிலையில் நிற்கிறது

பாக்கி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் படிகள் இருக்கின்றன. தவணை நின்று, பேங்கின் வசூல் பிரிவு மட்டும் துரத்திக்கொண்டிருப்பது முதல் நிலை. கடன் வாங்கும்போது ஈடாக நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்யூரிட்டி செக்கை பேங்க் போட்டுப் பார்த்து, அது திரும்பியிருப்பது அடுத்தது. மூன்றாவது, நீதிமன்றத்தில் சிவில் வழக்கு, அல்லது பணத்தை வசூலித்துத் தரச் சொல்லும் எக்ஸிகியூஷன் ஃபைல் திறந்திருப்பது. நான்காவது, அந்த ஃபைலில் பயணத் தடையோ கைது உத்தரவோ வாங்கியிருப்பது. முதல் நிலையில் இருக்கிறவர் பயந்து நல்ல வேலையை விட்டுவிடுவதும், நான்காவது நிலையில் இருக்கிறவர் தைரியமாக ஏறிவிடுவதும் இரண்டுமே நடக்கிறது. காரணம் ஒன்றுதான், எந்தப் படியில் நிற்கிறோம் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

செக் விஷயத்தில் சட்டம் மாறியது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் பேசுவதெல்லாம் பழைய கதை. முன்பு கணக்கில் காசில்லாமல் செக் திரும்பினாலே அது குற்ற வழக்கு, நேராகப் போலீஸ். துபாயில் 2017 டிசம்பரில் இருந்து 2 லட்சம் திர்ஹம் வரையிலான செக்குகளுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்று மாற்றினார்கள்: 50,000 வரை 2,000, ஒரு லட்சம் வரை 5,000, இரண்டு லட்சம் வரை 10,000. அப்புறம் 2022 ஜனவரி 2 முதல் நாடு முழுவதும், போதிய பணம் இல்லாமல் செக் திரும்புவது என்பது மட்டும் குற்றம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். திரும்பிய செக்கையே தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு, தனியாக வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், கடன் கொடுத்தவர் நேராக எக்ஸிகியூஷன் கோர்ட்டுக்குப் போகலாம். கணக்கை முடக்குவது, பயணத் தடை கேட்பது எல்லாம் அங்கிருந்தே நடக்கும். போலீஸ் ஸ்டேஷன் பயம் குறைந்தது, கோர்ட் வேகம் கூடியது, அவ்வளவுதான்.

செக் போடும் முன் வேண்டுமென்றே கணக்கை மூடுவது, பணத்தை எடுத்துவிடுவது, காரணமில்லாமல் பணம் தராதே என்று பேங்குக்குச் சொல்வது, செல்லாதபடி கையெழுத்துப் போடுவது, இவையெல்லாம் இன்றும் குற்றம்தான்.

2022-க்கு முன் ஊருக்கு வந்தவர் என்றால் இரட்டை வேலை. பழைய குற்ற வழக்கு மூடப்பட்டிருக்கிறதா, கட்டாத அபராதம் ஏதும் உங்கள் பேரில் நிற்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அபராதம் கட்டிவிட்டேன், கேஸ் முடிந்தது என்று வந்தவர்களும் கவனியுங்கள், அந்த அபராதம் அரசுக்குப் போனது, பேங்க் கடன் அப்படியேதான் இருக்கிறது.

பேங்க் கடனை விட எனக்குக் கவலை தருவது தனி ஆள் கடன். கேம்பிலோ பெட் ஸ்பேஸிலோ கூட இருந்தவரிடம் அவசரத்துக்கு 5,000 திர்ஹம் வாங்கி, தொகை எழுதாமல் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பாதி கட்டியும் இருப்பார்கள், அதற்கு ரசீது இருக்காது. பேங்க் என்றால் ஸ்டேட்மெண்ட் இருக்கும், கணக்கு இருக்கும், பேசலாம். இந்த ஆள் கோபத்தில் அந்த செக்கில் 50,000 என்று எழுதிப் போட்டால், அது உங்கள் கையெழுத்துதான். அப்படி ஒரு செக் வெளியே இருக்கிறது என்றால், பேங்கிடம் போவதற்கு முன் அவரிடம் போங்கள். மீதியைக் கொடுத்து செக்கைத் திரும்ப வாங்கி, கணக்கு முடிந்தது என்று ஒரு பேப்பரில் எழுதி வாங்கிவிடுங்கள். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பணத்தை விட, பதில் சொல்லாமல் போனை எடுக்காமல் இருந்ததற்காகத்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

ஊரில் இருந்தபடியே சரிபார்ப்பது

முதலில் பழைய பேப்பர்களைத் தேடி எடுங்கள். எமிரேட்ஸ் ஐடி நகல், பழைய விசா பக்கம், பழைய பாஸ்போர்ட், லோன் ஒப்பந்தம், கடைசி ஸ்டேட்மெண்ட், செக் கொடுத்திருந்தால் அதன் நகல். எமிரேட்ஸ் ஐடி எண்ணும் யூனிஃபைட் நம்பர் எனப்படும் அடையாள எண்ணும் முக்கியம், ஏனென்றால் இந்த எண்களை வைத்துத்தான் எல்லாத் துறையும் உங்களைத் தேடும். பாஸ்போர்ட் புதுசாக மாற்றிவிட்டேன், பேரில் அப்பா பேரைச் சேர்த்துவிட்டேன், இனி தெரியாது என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. கைரேகையும் கண்ணும் பழையதுதானே.

துபாய் என்றால் துபாய் போலீஸ் ஆப்பிலும் இணையதளத்திலும் பண வழக்குகளின் நிலையைப் பார்க்கும் சேவை இருக்கிறது, எமிரேட்ஸ் ஐடி எண்ணை வைத்துப் பார்க்கலாம். அபுதாபி என்றால் நீதித்துறையின் எஸ்தஃப்ஸர் சேவை, அதில் யூனிஃபைட் நம்பரைப் போட்டால் அரசு வழக்குத் துறை உங்களைத் தேடுகிறதா என்று சொல்லும். ஓடிபி பழைய யுஏஇ சிம்முக்குப் போய் மாட்டிக்கொள்ளும் தொல்லை இதில் அடிக்கடி வரும், அப்போது வக்கீல் வழிதான்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். துபாய் போலீஸ் ஆப்பில் வழக்கு எதுவும் இல்லை என்று வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் பெட்டி கட்டுகிறார்கள். அது துபாயில் உள்ள போலீஸ் வழக்கைப் பற்றி மட்டும் சொல்கிறது. சிவில் வழக்கைச் சொல்லாது, மற்ற எமிரேட்டை, அதாவது அபுதாபி, ஷார்ஜா மாதிரியான மற்ற மாநிலங்களைச் சொல்லாது. நீங்கள் ஷார்ஜாவில் தங்கி, துபாயில் வேலை பார்த்து, அபுதாபியைத் தலைமையிடமாகக் கொண்ட பேங்கில் கடன் வாங்கியிருந்தால் வழக்கு மூன்றில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நீதிமன்ற அமைப்பே அங்கே ஒன்று இல்லை. துபாய்க்குத் தனி, அபுதாபிக்குத் தனி, ராஸ் அல் கைமாவுக்குத் தனி, ஷார்ஜாவுக்கும் இப்போது தனி, அஜ்மான், உம் அல் குவைன், ஃபுஜைரா மூன்றும் மத்திய நீதித்துறையின் கீழ். எல்லாவற்றிலும் தேடினால்தான் தேடியதாக அர்த்தம்.

அடுத்தது கடன் அறிக்கை. அல் எதிஹாத் கிரெடிட் பீரோ என்று அங்கே ஒரு மத்திய அமைப்பு இருக்கிறது, நம் ஊர் சிபில் செய்யும் அதே வேலை. 300 முதல் 900 வரை மதிப்பெண். பேங்க் லோன், கார்டு மட்டும் இல்லை, கட்டாத மொபைல் பில்லும் திரும்பிய செக்கும் அதில் வரும். நீங்கள் மறந்தே போன ஒரு போஸ்ட்பெய்டு கனெக்‌ஷன், இலவசம் என்று வாங்கி, வருடக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும் ஒரு கார்டு, இதெல்லாம் அந்த அறிக்கையில்தான் தலைகாட்டும்.

தொகை பெரியது, அல்லது கோர்ட்டில் இருந்து எப்போதோ மெசேஜ் வந்த ஞாபகம் இருக்கிறது என்றால், அங்கே ஒரு வக்கீலை வைத்து எல்லாக் கோர்ட்டிலும் பார்க்கச் சொல்வது நல்லது. அதற்குப் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது உங்கள் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் வேண்டும். ஒரே சான்றை வைத்து மற்ற நாட்டு ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் நோட்டரி முத்திரையோ அப்போஸ்டில் ஸ்டிக்கரோ போதாது. நோட்டரி, மாநில அரசின் சான்று, வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சக முத்திரை, சட்டப்படியான அரபு மொழிபெயர்ப்பு என்று வரிசையாகப் போக வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு ஆரம்பித்தால் நேரம் பத்தாது. பவர் எழுதும்போது வழக்கு விவரம் பார்க்க, பேங்கோடு பேச, எக்ஸிகியூஷன் ஃபைலை மூட என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுத்து எழுதாதீர்கள், அது சொந்தத் தம்பியே ஆனாலும்.

பேங்கோடு பேசுவது

நாமாகப் போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு பயம். பேங்குக்கு உங்கள் பெயர், ஊர் முகவரி, கம்பெனி, போன் எல்லாம் ஏற்கெனவே தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. பதிவு செய்த ஈமெயிலில் இருந்து வசூல் பிரிவுக்கு எழுதி, என் பேரில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் பாக்கி விவரம் வேண்டும், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணங்கள் எவ்வளவு, வழக்கு ஏதும் இருந்தால் அதன் எண் என்ன என்று கேளுங்கள். முதல் கடிதத்திலேயே இவ்வளவு தரவேண்டும் என ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதத் தேவையில்லை. கேட்பது கணக்கு மட்டும். வேலைக் கடைசியில் வந்த கிராஜுவிட்டியும் செட்டில்மெண்டும் அந்தக் கணக்கில்தான் விழுந்திருக்கும், அதை பேங்க் பிடித்துக் கடனில் கழித்திருக்கிறதா என்று பாருங்கள். கழிக்காமல் கணக்கை முடக்கி மட்டும் வைத்திருப்பதும் உண்டு, அந்தப் பணம் உங்களுடையது, பேச்சில் அதையும் சேர்க்க வேண்டும்.

வருடம் ஓடிவிட்ட கடன் என்றால் பெரும்பாலும் பேங்க் நேரடியாகப் பேசாது, ரெகவரி ஏஜென்சிதான் வரும். அந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும்: "சார், உங்க அவுட்ஸ்டாண்டிங் 62,000. இன்னைக்குள்ள 25,000 கட்டினா ஃபுல் க்ளோஸ். நாளைக்கு இந்த ஆஃபர் கிடையாது. இன்டர்போல்ல பேர் போயிடும்." இதில் தள்ளுபடி என்பது பெரும்பாலும் உண்மை, நாளைக்குக் கிடையாது என்பது பெரும்பாலும் பொய், இன்டர்போல் என்பது மிரட்டல். கொடுக்கல் வாங்கல் மாதிரியான தனிப்பட்ட தகராறுக்கு இன்டர்போல் சிவப்பு நோட்டீஸ் போட அதன் விதியே இடம் தராது. பதற்றப்படாமல் ஒரே பதில் சொல்லுங்கள்: "சரிங்க, இந்த ஆஃபரை பேங்க் லெட்டர்ஹெட்ல, பேங்க் ஈமெயில்ல இருந்து அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்." உண்மையான ஏஜென்ட் ஒன்றிரண்டு நாளில் அனுப்புவார். போலி ஆள் அதோடு கத்த ஆரம்பிப்பார், அல்லது காணாமல் போய்விடுவார்.

ஊரில் வீட்டுக்கு வந்து சத்தம் போடுவது, அக்கம்பக்கத்தில் சொல்வேன் என்பது, பாஸ்போர்ட்டைக் கேட்பது, இதற்கெல்லாம் எந்த ஏஜென்சிக்கும் உரிமை இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவில் மிரட்டல் குற்றம், உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். கடன் இருக்கிறது என்பதற்காக எதையும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

செட்டில்மெண்ட் லெட்டர் வந்ததும் அதை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா, லோன் கணக்கு எண் முழுதாக இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் எவ்வளவு, இந்தத் தொகை கட்டினால் முழுக் கடனும் தீர்ந்தது என்ற வாசகம் தெளிவாக இருக்கிறதா. அதே பேங்கில் லோனும் கார்டும் இரண்டும் இருந்தால் இரண்டின் எண்ணும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லோனை முடித்த சந்தோஷத்தில் இருக்கும்போது கார்டு பாக்கிக்குத் தனியாக ஆள் வருவார். வழக்கை வாபஸ் வாங்குவது, செக்யூரிட்டி செக்கைத் திருப்பித் தருவது, கடன் தீர்ந்தது என்று கிளியரன்ஸ் லெட்டர் தருவது, கிரெடிட் பீரோவில் மாற்றுவது, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எல்லாம் கிடைக்காமல் போகலாம், வழக்கு வாபஸ் மட்டும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். கையெழுத்தும் முத்திரையும் போட்ட அந்த லெட்டர் உண்மைதானா என்று, அதில் போட்டிருக்கும் எண்ணுக்கு இல்லை, பேங்கின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள்.

வட்டிக் கணக்கு தப்பு, கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லை என்று நியாயமான தகராறு இருந்தால், முதலில் பேங்கிடமே எழுத்தில் புகார் கொடுத்து, சரியான பதில் வராவிட்டால் சனதக் என்ற நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம்.

பணம் எப்படிக் கட்டுவது

கடன் கணக்கில் மட்டும். ஏஜென்டின் சொந்தக் கணக்கு, ஏஜென்சியின் கணக்கு, ஹவாலா, நண்பர் கையில் கொடுத்து "நீயே போய்ப் பேசிக்கோ" என்பது, எதுவும் வேண்டாம். அங்கே இருக்கும் நம்பிக்கையான உறவினர் பேங்க் கிளையில் கடன் கணக்கு எண்ணைச் சொல்லிக் கட்டி ரசீது வாங்குவதுதான் நடைமுறையில் சுலபம்.

ஊரில் இருந்தே அனுப்புவதாக இருந்தாலும் வழி உண்டு. வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய கடனை, திரும்பி வந்த பிறகு ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் அடைக்கலாம், வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாய்க்கு மேல் போனால், அந்த மேல் தொகைக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரி தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரிக்க முடியுமானால் பேங்கிடம் அப்படித் தேதி கேட்டுப் பாருங்கள்.

அங்கே உள்ள கடனை அடைக்க இங்கே கந்துவட்டிக்கு வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பேங்க் காத்திருக்கும். மீட்டர் வட்டிக்காரர் காத்திருக்க மாட்டார், அவர் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் அப்பா அம்மாவிடம் நிற்பார், நீங்கள் அங்கே சம்பளமே வாங்கியிருக்க மாட்டீர்கள்.

கட்டி முடித்த பிறகும் வேலை இருக்கிறது

பணம் கட்டிய அன்றே கம்ப்யூட்டரில் எல்லாம் தானாக அழிந்துவிடும் என்று இருக்க வேண்டாம். கிளியரன்ஸ் லெட்டரைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் வருவதில்லை. எக்ஸிகியூஷன் ஃபைல் இருந்தால், கடன் தீர்ந்தது என்று பேங்கின் வக்கீல் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், கோர்ட் ஃபைலை மூட வேண்டும், பயணத் தடை இருந்தால் அதை நீக்கச் சொல்லித் தனியாக உத்தரவு போய், அது குடியேற்றத் துறையில் ஏற வேண்டும். இதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தேங்கலாம். பேங்கின் வசூல் பிரிவுக்குப் பணம் வந்துவிட்டது, சட்டப் பிரிவுக்கு அது தெரியாது என்பது சர்வ சாதாரணம். ஆகவே ஃபைல் மூடியதற்கான கோர்ட் பேப்பரைக் கேளுங்கள், பேங்கின் வாய்வார்த்தை போதாது. அதன் பிறகு முன்பு பார்த்த எல்லா இடத்திலும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

முழுதாகக் கட்ட வசதி இல்லையென்றால்

பாதிப் பேர் இந்த நிலைமைதான், கட்டப் பணம் இருந்தால் ஏன் மறுபடி போகப்போகிறார்கள். வழக்கு இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்றால், வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஆஃபர் லெட்டரை வைத்தே தவணை கேட்கலாம். கேட்கும்போது கையில் ஒரு சிறு தொகை வைத்துக்கொண்டு கேளுங்கள், முதலில் ஏதாவது கட்டினால்தான் பேச்சு நகரும். மத்திய வங்கி விதிப்படி மாதத் தவணைகள் எல்லாம் சேர்த்துச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதையும் மனதில் வைத்து, தாங்கக்கூடிய தவணையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதமே நிற்கப்போகும் பெரிய தவணையை விட, நிற்காத சின்னத் தவணை நல்லது.

எக்ஸிகியூஷன் ஃபைல் இருக்கிறது, கைது உத்தரவும் இருக்கிறது என்று தெரிந்தால் தவணை ஒப்பந்தம் எழுத்தில் வந்து, அது கோர்ட்டிலும் பதிவாகும் வரை போகாதீர்கள். கட்ட வசதி இருந்தும் இழுத்தடிப்பதாக நினைத்தால் கடனாளியைச் சிறையில் வைக்க எக்ஸிகியூஷன் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, ஒரு தடவைக்கு ஒரு மாதம் வரை, நீட்டிக்கவும் முடியும். வசதி இல்லை என்று நிரூபிக்கலாம்தான். ஆனால் அதை உள்ளே இருந்துகொண்டு, பாஷை தெரியாமல், புது கம்பெனி போன் மேல் போன் அடிக்கும்போது நிரூபிப்பது எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பயணத் தடை மட்டும் இருக்கும் நிலை கொஞ்சம் விசித்திரமானது. கடன் 10,000 திர்ஹமோ அதற்கு மேலோ இருந்து, ஆள் நாட்டை விட்டுப் போய்விடுவார் என்று அஞ்சக் காரணம் இருந்தால் கடன் கொடுத்தவர் இந்தத் தடையைக் கேட்கலாம். இது வெளியே போவதைத்தான் தடுக்கும். உள்ளே வரும்போது கேள்வியே கேட்காமல் முத்திரை விழுந்துவிடும். விசா அடித்து, மெடிக்கல் முடித்து, வேலையும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு லீவ் வாங்கி, பெட்டியைப் போட்டு, போர்டிங் பாஸும் வாங்கிய பிறகு, இமிக்ரேஷன் கவுண்டரில் அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, பக்கத்து அறையைக் காட்டுவார். அன்று இரவு விமானம் உங்கள் பெட்டியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். தெரிந்தே இப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், உள்ளே போய்ச் சம்பாதித்துக் கட்டிவிட்டு வெளியே வருகிறேன் என்று. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், வயதான பெற்றோர் இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

போகாமலே ஊரில் இருந்துவிட்டால் கடன் கழிந்துவிடுமா என்றால், அதுவும் முன்பு போல் இல்லை. 2020 ஜனவரி 17 அன்று இந்திய அரசு அமீரகத்தை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் பரஸ்பர நாடாக அறிவித்தது. அதாவது அங்கே வாங்கிய சிவில் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். எல்லாத் தீர்ப்பும் அப்படியே ஏறிவிடாது, உங்களுக்குச் சரியாகத் தகவல் தராமல் வாங்கியது, விஷயத்தை விசாரிக்காமலே கொடுத்தது என்றால் 13-ஆம் பிரிவைக் காட்டி எதிர்க்கலாம். அதற்கு நோட்டீஸ் வந்தால் வாங்கிப் படித்து வக்கீலிடம் போக வேண்டும், திருப்பி அனுப்பக் கூடாது.

இறங்கும் நாளும் அதற்கு அப்புறமும்

சின்ன சந்தேகம் இருந்தாலும் திங்கள் அல்லது செவ்வாய் காலை இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். அங்கே இப்போது வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள். வெள்ளி மாலை இறங்கி ஏதாவது சிக்கல் என்றால் கோர்ட் திறக்காமல் திங்கள் வரை உட்கார வேண்டியிருக்கும். கிளியரன்ஸ் லெட்டர், ரசீது, கோர்ட் பேப்பர் எல்லாம் கைப்பையில் காகிதமாக இருக்கட்டும், போனை வாங்கி வைத்துவிட்டால் அதில் இருக்கும் பிடிஎஃப் உதவாது. இன்னொரு செட் அங்கே இருக்கும் உறவினரிடம். எந்த விமானம், எத்தனை மணி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதவி தேவைப்பட்டால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற இந்தியர் உதவி மையம் இருக்கிறது, அமீரகத்துக்குள் இருந்து 800 46342 இலவச எண். வழிகாட்டுவார்கள், கடனைக் கட்ட மாட்டார்கள்.

புது கம்பெனியிடம் சொல்ல வேண்டுமா? பேங்க் பாக்கி மட்டும் என்றால் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை என்பது என் எண்ணம். கோர்ட் ஃபைல் திறந்திருந்தால் எச்ஆரிடமோ, விசா வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓவிடமோ முன்பே சொல்வது நல்லது, ஏனென்றால் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு கம்பெனிக்கே வரலாம். அப்படிப் பிடித்தாலும் சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. சம்பளக் கணக்கைக் கடன் இருக்கும் அதே பேங்கில் திறக்க வைத்துவிட்டால் முதல் மாதச் சம்பளம் வந்த அன்றே கடனில் கழிந்து போகும் வாய்ப்பு அதிகம், வேறு பேங்க் கேளுங்கள். கோர்ட் முடக்கம் இருந்தால் எந்த பேங்க் ஆனாலும் ஒன்றுதான்.

மதிப்பெண் குறைவாக இருக்கும்போது செக்புக் கிடைப்பது கஷ்டம், செக்புக் இல்லாமல் உங்கள் பேரில் வீடு எடுப்பது அதைவிடக் கஷ்டம். கம்பெனி அக்காமடேஷன் தருகிற வேலையா என்று ஆஃபர் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர் பேரில் லோன், நண்பர் செக்கில் வாடகை என்று ஆரம்பிக்க வேண்டாம்.

லீவுக்குக் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது பயணத் தடை இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், முதல் லீவ் மட்டும் இல்லை, கடைசித் தவணை கட்டி லெட்டர் வாங்கும் வரை ஒவ்வொரு லீவுக்கும். இப்போது எமிரேட்ஸ் ஐடியும் உள்ளூர் சிம்மும் கையில் இருப்பதால் ஊரில் இருந்தபோது பட்ட ஓடிபி தொல்லை இருக்காது.